முன்னூறு கிராம்

விடிந்தும் விடியாத ஐந்தரை மணிக்கு எழுந்தவுடன் அவள் செய்த முதல் வேலை, சமையலறைக் குழாயின் வாயில் ஒரு பழந்துணியைச் சுற்றிக் கட்டியதுதான். எவ்வளவு முடுக்கினாலும் அந்தக் குழாய், அழுது ஓய்ந்த பிறகும் விசும்புகிற குழந்தையைப் போல, நிமிடத்துக்கு ஒரு சொட்டு விட்டுக்கொண்டிருந்தது. மற்றவர் காதுக்கு அது ஒரு சத்தமே அன்று. இரண்டு நாளாக நாக்கு நனையாமல் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கும் கணவனுக்கோ அது அருவி. எடை பார்க்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களும் அந்த வீட்டில் 'தண்ணீர்' என்ற சொல்லுக்குத் தடை. பத்து வயது மகள்கூடப் பள்ளிக்குக் கிளம்பும்போது, "அம்மா, அது நிரப்பிட்டியா?" என்று பாட்டிலைக் காட்டித்தான் கேட்பாள். பாத்திரங்கள் மொட்டைமாடியில் ஓசையில்லாமல் கழுவப்படும். மூன்று நாளும் அந்த வீடு பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கும்.

தெரு அவனைச் 'சாம்பியன்' என்று அழைத்தது. பதினாறு வயதில் சலவைக்கூடத்தில் ஈரத்துணி மூட்டை சுமந்தவன். அந்தத் தோளைப் பார்த்துத்தான் குத்துச்சண்டை மாஸ்டர் அவனைக் கையோடு தம் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துப்போனார். இருபத்திரண்டில் நாட்டின் பட்டம், இருபத்தேழில் அதற்கும் மேற்பட்ட பட்டம். முப்பத்தொரு ஆட்டங்களில் இருபத்தெட்டு வெற்றி. வெல்ட்டர்வெயிட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவனுடைய மகள் பள்ளிப் பாடத்திலிருந்தே விளக்கம் சொல்வாள்: "எங்கப்பா வல்லினமும் இல்ல, மெல்லினமும் இல்ல. இடையினம்." அறுபத்தாறு கிலோ அறுநூற்றெழுபத்தெட்டு கிராம். அதற்கு மேல் ஒரு கடுகளவு கூடினாலும் பட்டம் எடைமேடையிலேயே போய்விடும். கையுறை மாட்டவே வேண்டியதில்லை.

குளியலறைக் கதவைத் திறந்தாள். வாளியில் ஆவி பறந்தது. வேர்க்கவைக்கும் பிளாஸ்டிக் உடுப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அவன் சுவரில் சாய்ந்திருந்தான். முப்பத்தைந்து வயது உடம்பு. எலும்பின்மேல் இழுத்துத் தைத்த தோல். உதடு வெடித்திருந்தது.

"ஏறுங்க, பாத்துடலாம்."

"வேர்வையே வரல. ஒரு மணி நேரமா ஒரு சொட்டுகூட வரல."

"வரலன்னா போகுது. ஏறுங்க."

கைத்தாங்கலாக அவனை எழுப்பி நிறுத்தினாள். மூலையில் நின்றது அந்த எடைக்கருவி. கம்பியில் குண்டு நகரும் பழைய மாதிரி. அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் பக்கத்திலிருந்த மருத்துவமனையை மூடியபோது வாங்கியது. மகள் அதற்குப் 'பெரியவர்' என்று பெயரிட்டிருந்தாள். வீட்டில் எல்லாரும் அதன்முன் வாய்பொத்தி நிற்பதால் அந்தப் பெயர் பொருந்திப் போயிற்று. அவன் வெற்றுடம்போடு ஏறி, வழக்கம்போலச் சுவரைப் பார்த்து நின்றான். குண்டை நகர்த்துவதும் எண்ணைச் சொல்வதும் என்றுமே அவள் வேலை.

"பெரியவர் என்ன சொல்றார்?"

அவள் குண்டை ஒரு கோடு முன்னே தள்ளினாள், ஒரு கோடு பின்னே இழுத்தாள். கம்பி நடுவில் நின்றது.

"அறுபத்தேழு... நூத்தம்பது."

அவன் இறங்கவில்லை, விழாமல் உட்கார்ந்தான் என்று சொல்வதே சரி. மனக்கணக்குப் போடுவதை அவன் உதடுகள் காட்டின. கிட்டத்தட்ட அரைக்கிலோ. ஒன்பது மணிக்கு எடை. உடம்பிலோ பிழிய ஈரமில்லை.

"முடியாதும்மா," என்றான். குரலில் வருத்தம்கூட இல்லை. "மாஸ்டருக்குப் போன் போட்டுச் சொல்லிடு. இனிமே என்னைப் பிழிஞ்சா ரத்தந்தான் வரும்."

அவள் குண்டைப் பிடித்தபடியே நின்றாள்.

அந்தக் கருவி பொய் சொல்லியது. பதினொரு ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. கம்பியின் கோடியிலுள்ள சிறு திருகை இரண்டரைச் சுற்றுத் திருப்பினால் அது உள்ளதைவிட முன்னூறு கிராம் கூட்டிக் காட்டும். கல்யாணமான வாரத்தில் மாஸ்டர் சொல்லிக்கொடுத்த வித்தை அது. அதற்கு முன்பு ஒருமுறை, அவன் பயிற்சிக்கூடத்து எடையை நம்பிப் போய், மேடையில் நூற்றைம்பது கிராம் அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்டான்; இரண்டு ஆண்டு உழைப்பு இரண்டு நிமிடத்தில் போயிற்று. "வீட்டு மெஷின் பொய் சொல்லணும் தங்கச்சி. அப்பத்தான் அங்க இருக்கிற மெஷின் உண்மை சொல்லும்போது நம்ம பையன் தப்பிப்பான். இது உன் பல்லுக்குள்ளேயே இருக்கட்டும்," என்றார் மாஸ்டர். பல்லுக்குள்ளேயே இருந்தது. பத்து ஆட்டங்களுக்கு அவன் தேவைக்குமேல் முன்னூறு கிராம் வற்றினான். பத்துமுறையும் மேடையில் எடை தாராளமாகக் குறைந்திருக்க, "பாத்தியா, நம்ம பெரியவர் கறாரான ஆளு," என்று வந்து பெருமையடித்துக்கொண்டான். மருந்துக்கடையில் மில்லிகிராம் பிசகாமல் கொடுப்பவள், வீட்டில் செய்த ஒரே கலப்படம் இது.

ஆகவே, அவனுடைய உண்மையான எடை இப்போது அறுபத்தாறு எண்ணூற்றைம்பது. அதிகம் நூற்றெழுபதே. சும்மா உட்கார்ந்து மூச்சு விட்டாலே மணிக்கு ஐம்பது கிராம் போகும் என்பது இந்தத் தொழிலில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஒரே ஒரு சொல். அவள் சொன்னால் அவன் எழுந்துவிடுவான்.

சொல்லாவிட்டால்?

சொல்லாவிட்டால் இன்றோடு முடிந்தது. எட்டு மாதத்துக்கு முந்தைய ஆட்டத்தில் அவன் ஜெயித்தான். எட்டாம் சுற்றில் விழுந்து எழுந்ததைச் 'சிறு சறுக்கல்' என்று செய்தித்தாள் எழுதியது. எழுதியவனுக்கு என்ன? மறுநாள் காலை கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு செருப்பில் எது இடது எது வலது என்று ஐந்து நிமிடம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதனை அவன் பார்த்தானா? மகளைக் கூட்டிவரப் போய்ப் பள்ளிவாசலில் நின்று, எதற்கு வந்தோம் என்று வாயிற்காவலரிடமே கேட்ட கதை எந்தப் பத்திரிகையில் வந்தது? சம்மேளனத்து மருத்துவர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்து, 'தகுதி உண்டு' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அவளுக்குத் தெரிந்த வேறொரு மருத்துவர் மட்டும், மருந்துச்சீட்டை நீட்டும் சாக்கில், "இன்னும் எத்தனை அடி தாங்கும்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா," என்றார். 'இதுதான் கடைசி' என்று அவன் சொன்னது இது மூன்றாம் முறை. அவள் கெஞ்சியும் பார்த்தாள். பேசாமல் இருந்தும் பார்த்தாள். கல்லில் நார் உரித்த கதைதான். இப்போது நினைத்தது தானாகவே நடக்கப் போகிறது. அவள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

அவன் கண்ணை மூடியிருந்தான். முதன்முதலில் புருவத்துக்குப் பிளாஸ்திரி கேட்டு அவளுடைய கடைக்கு வந்தபோதும் இப்படித்தான், ஒட்டும்வரை கண்ணை மூடிக்கொண்டு முகத்தை நீட்டி நின்றான். யார் என்ன என்று தெரியாத பெண்ணிடம் அப்படி ஒரு நம்பிக்கை.

"போன் போடலியா?" என்றான்.

"பெரியவர் பொய் சொல்றார்."

"என்ன?"

"முன்னூறு கூட்டிச் சொல்றார். இன்னிக்கு மட்டுமில்ல, நம்ம கல்யாணத்துலேர்ந்து. நாந்தான் திருகி வச்சேன். மாஸ்டர் சொன்னார், வச்சேன்."

அவன் கண் திறந்தது. அவளைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான், கோடியில் இருந்த திருகை, அப்படி ஒன்று இருப்பதையே முதன்முதலாகக் காண்பவன்போல, நெடுநேரம் பார்த்தான். அவள் அடிக்குப் பயந்தவள் அல்லள். அவன் கை வீட்டில் ஒருநாளும் ஓங்கியதில்லை. ஆனால், அந்தப் பார்வைக்குமுன் அவள் குண்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள்.

"எத்தனை ஆட்டம்?"

"பத்து."

"பத்து முன்னூறு..." அவன் விரலை மடக்கினான். "மூணு கிலோ. அடிப்பாவி! பாப்பா பொறந்தப்போ மூணு கிலோதான இருந்தா? ஒரு பிள்ளையவே சும்மா பெத்துக் கொடுத்திருக்கேனே உனக்கு!"

சிரிக்க முயன்றான். வெடித்த உதடு இடங்கொடுக்கவில்லை. ஒரு பொட்டு இரத்தம் அரும்பியது. அவள் முந்தானையை எடுத்தாள். அவன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இன்னிக்கு ஏன் சொன்ன? நான்தான் விட்டுட்டேனே. நீ பேசாம இருந்திருந்தா நீ கேட்டது நடந்திருக்கும்."

"ஜெயிக்கிறதுக்கும் நானே பொய் சொல்லி, நிறுத்துறதுக்கும் நானே பொய் சொல்லணுமா?" என்றாள். "போதுங்க. என்னால முடியல. ஏறுறதோ இறங்குறதோ, உங்க எடை தெரிஞ்சு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவன் பிடித்த கையை விடவில்லை. வாளியில் ஆவி அடங்கி, சுவரில் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

ஏழரைக்கு மாஸ்டரின் கார் வாசலில் ஹாரன் அடித்தது. தொப்பையும் துண்டுமாக உள்ளே வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே, "எவ்வளவு தங்கச்சி?" என்றார்.

"ஆறு மணிக்கு அறுபத்தேழு நூத்தம்பது. அவருக்குத் தெரிஞ்சுபோச்சுண்ணா."

"எது?"

"திருகு."

மாஸ்டர் ஒரு செருப்போடு நின்றார். "பதினொரு வருஷம் காப்பாத்தின ரகசியத்தை, ஊரே கூடியிருக்கிற அன்னிக்கா போட்டு உடைக்கணும்? சரி, போனது போகட்டும்." அவர் முகத்தில் கணக்கு ஓடியது. "நூத்தி எழுபது. மூணு மணி நேரத்துக்கு மூச்சுலயே நூத்தம்பது போயிடும். இருபது கிராம்தான் வம்பு! இருபது கிராம் ஒரு எடையாடா தம்பி? சூயிங்கம் வச்சிருக்கேன். மென்னு மென்னு இந்தப் பாட்டில்ல துப்பிக்கிட்டே வா. மயிரைக் கொஞ்சம் ஒட்ட வெட்டிடலாம். அப்படியும் கூட இருந்தா மறுபடி ஏற ஒரு மணி நேரம் கொடுப்பாங்க, சட்டத்துலயே இருக்கு..."

"ஒரு தடவதான் ஏறுவேன் மாஸ்டர்."

"என்னடா உளர்ற?"

"ஒரே தடவ. வந்தா ஆட்டம். வரலன்னா வீடு. அந்த ஒரு மணி நேரம் எனக்கு வேணாம்."

"நல்லாத்தான் இருக்கு! பத்து வயசுப் பிள்ள பூவா தலையா போடுற மாதிரி. தங்கச்சி, நீயாவது சொல்லும்மா."

"அவ சொல்லிட்டா," என்றான் அவன். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீயும் வா," என்றான்.

எடை பார்க்கும் இடத்துக்கு அவள் ஒருநாளும் போனதில்லை. மகளை எழுப்பி எதிர்வீட்டில் விட்டுவிட்டுக் காரின் பின்னிருக்கையில் அவன் அருகே உட்கார்ந்தாள். மாஸ்டர் நீட்டிய சூயிங்கம்மை அவன் மறுக்கவில்லை, வாயிலும் போடவில்லை. உறை பிரிக்காமல் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான். காலிப் பாட்டில் அவன் காலடியில் வண்டி திரும்பும்போதெல்லாம் உருண்டது. மாஸ்டர் கண்ணாடி வழியே அந்தக் கையையே பார்த்துப் பார்த்து ஓட்டினார். பெருமூச்சு ஒவ்வொன்றும் எத்தனை கிராம் என்று அவள் கணக்குப் போட்டாள். குறையட்டும் என்று போட்டாளா, குறையவேண்டாம் என்று போட்டாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை.

கூடம் முழுக்கக் கேமராக்கள். எதிராளி ஏற்கெனவே எடை முடித்து, இருபத்துநான்கு வயதுக்குரிய தெனாவட்டோடு வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். மேடையில் இருந்ததும் கம்பியில் குண்டு நகரும் கருவிதான். ஆனால், அதன் திருகின்மேல் அரக்கு முத்திரை. "யாரும் கைவைக்க முடியாது," என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். அதில் இருந்தது நிம்மதியா, பயமா?

சம்மேளனத்து அதிகாரி பெயர்ப்பட்டியலைப் படித்தார். சாம்பியன் சட்டையைக் கழற்றினான், கால்சட்டையைக் கழற்றினான், உள்ளங்கையில் இருந்ததை மாஸ்டரின் சட்டைப்பையில் போட்டான். உறை அப்படியே இருந்தது.

"துண்டு பிடிங்க," என்றார் மாஸ்டர் தம் உதவியாளரிடம். எடை விளிம்பில் நிற்பவர்கள் கடைசித் துணியையும் களைந்துவிட்டு ஏறுவது வழக்கம். இருவர் துண்டை விரித்து மறைப்பார்கள்.

"அவ பிடிக்கட்டும்," என்றான் அவன்.

கூட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். அதிகாரி முகத்தைச் சுளித்தார்; மறுக்கச் சட்டம் எதுவும் நினைவுக்கு வராமல் தலையசைத்தார். அவள் ஒரு முனையைப் பிடித்தாள், மறுமுனை மாஸ்டரிடம். துண்டுக்கு மேலே அவன் பிடரியும், கீழே பித்தவெடிப்பு விழுந்த இரண்டு குதிகால்களும் தெரிந்தன. கருவியின் கம்பியோ அதிகாரியின் தோளுக்கு அப்பால் மறைந்திருந்தது. கல்யாணமான நாளிலிருந்து, அவள் கண்ணெதிரே அவன் ஏறியும் அந்த எண் அவளுக்குத் தெரியாமல் போவது இதுதான் முதல் தடவை.

குதிகால்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடை ஏறின. இரும்புத் தட்டு ஒருமுறை அசைந்து ஓய்ந்தது. அதிகாரி கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் குண்டைத் தள்ளினார், நிறுத்தினார், மயிரிழை பின்னுக்கு இழுத்தார். துண்டு நடுங்கியது. நடுக்கம் தன் முனையிலிருந்து வருகிறதா, மாஸ்டரின் முனையிலிருந்து வருகிறதா என்று அவள் பார்க்கவில்லை. சாம்பியன் நெஞ்சு விரிய மூச்சை உள்ளே இழுத்தான். அதை அவன் வெளியே விடும் ஒலிக்காக அவள் காத்திருந்தாள்.