இரண்டு கை கொசுறு

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குள் பேராசிரியர் வேதநாயகம் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நடந்தார். அவரிடம் ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிக்கும் எப்சி பின்னால் வந்தாள்.

கடல்பாசிச் சாறு கொடுத்தால் எலியின் பாதவீக்கம் வற்றுகிறது என்று முதல் சோதனையில் கண்டவள் அவள். துறையே வந்து கை குலுக்கியது. அதே கடையில் அதே பழுப்புப் பாசியை மறுபடி வாங்கிச் சாறெடுத்தால், பாதம் உப்பினது உப்பினபடி இருந்தது. "மொதக் கணக்கு நீயாப் போட்டதோ?" என்று கேட்டுவிட்டார் வேதநாயகம். திங்கட்கிழமை ஆய்வுக்குழுவிலும் அதையே கேட்டால் படிப்பு அத்தோடு போச்சு. கள்ளி என்ற பெயர்தான் மிஞ்சும்.

இரண்டு கொள்முதலுக்கும் ஒரே வித்தியாசம்தான் அவளுக்குத் தட்டுப்பட்டது. முதல் தடவை கேட்ட விலையைக் கொடுத்தாள். இரண்டாம் தடவை பேரம் பேசினாள். கேட்ட விலையைக் கொடுப்பவருக்குக் கடைக்காரர் மரியாதை கொடுப்பார், கொசுறு கொடுக்கமாட்டார். பேசி ஜெயித்தவருக்குத்தான், தோற்ற கௌரவத்துக்கு அள்ளிப் போடுவார். அந்தக் கை எந்தச் சாக்குக்குள் போனது என்று அன்றைக்கு அவள் பார்க்கவில்லை. காய்ந்து நொறுங்கினால் எல்லாப் பாசியும் சருகுதான், அப்படியே அரைத்துவிட்டாள்.

நேராகக் கேட்க முடியாது. கலந்தீர்களா என்றால் கலந்தவனும் கலக்காதவனும் ஒரே பதிலைத்தான் சொல்வான்.

அதே கடைக்காரர், அம்பாசமுத்திரத்து வாழைக்காரர்களுக்கு உரமாகப் பாசி விற்கும் அசன் மைதீன், விலை சொன்னார்.

"பாதிக்குத் தாங்க அண்ணாச்சி."

"பாதிக்குக் கடலே தரமாட்டேங்கும்மா, நான் எங்கன போவேன்?"

"ஈரச் சாக்கு. தண்ணிக்கும் சேத்துல்லா விலை சொல்லுதீங்க."

"இந்த வாய்க்கு நீ கடையே போட்டிருக்கலாம் தாயி."

வேதநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். "இதுக்கா என்னக் கூட்டிட்டு வந்த?"

"கொஞ்சம் பொறுங்க சார்."

விலை படிந்தது. பழுப்புச் சாக்கிலிருந்து நிறுத்து, பையைக் கட்டி நீட்டினார் அசன் மைதீன். கொசுறு இல்லை. ரொம்பத்தான் இழுத்துவிட்டோமோ? எப்சி பையை வாங்காமல் நின்றாள்.

"என்னம்மா?"

"வெறும் எடையோடவா அனுப்புவீங்க?"

சிரித்துக்கொண்டே முடிச்சை அவிழ்த்தார். கை பழுப்புச் சாக்கின் மேல் நின்றது. எப்சி எட்டிப் பார்த்தாள். கை அதைத் தாண்டி ஓரத்துச் சாக்குக்குள் முழங்கை வரை போனது. வந்தது கருஞ்சிவப்பு.

வேதநாயகத்தின் கைக்குட்டை இறங்கியது. எலிப் பாதத்தில் வீக்கத்தை வரவழைக்க அவர் ஆய்வகத்தில் ஊசியில் ஏற்றுகிற சரக்கே சிவப்புப் பாசியிலிருந்து எடுப்பதுதான்.

"எப்பவும் இதத்தான் போடுவீங்களா?" அவர் குரல் தணிந்திருந்தது.

"உரத்துக்குத்தான சார்? எந்தப் பாசின்னு வாழை பாக்கவா போகுது? போன தடவ இந்தப் பிள்ளைக்கு ரெண்டு கை போட்டேன். அம்புட்டுப் பேரம்."

"அண்ணாச்சி, கொசுற மட்டும் தனியாக் கெட்டுங்க."

"கொசுறத் தனியாக் கெட்டச் சொன்ன ஆள இன்னைக்குத்தாம்மா பாக்கேன்."

அந்தச் சின்னப் பொட்டலத்தை வேதநாயகமே கையில் வாங்கிக்கொண்டார். "திங்கட்கிழமை இத நானே குழு முன்னால வைக்கேன்" என்றார். கொஞ்சம் நின்று, "இனிமே கேட்ட விலையக் குடுத்து வாங்கு எப்சி."

"தங்கமான சாரு" என்றார் அசன் மைதீன்.