நான்டிகெல்லியின் பதினைந்தாவது சட்டை

1907 அக்டோபரில், நிலக்கரி விலை டன்னுக்கு ஒரு ஷில்லிங் ஏறிய அதே வாரம், இட்வால் புரோதெரோ, நான்டிகெல்லி ஊரார் கண்ணுக்குத் தெரியாமல் போனான். இதில் மர்மம் ஒன்றுமில்லை. எங்கள் வேல்ஸ் பள்ளத்தாக்கில் ரக்பி ஆடுகிறவன் அதற்குக் கூலி வாங்கக் கூடாது; இங்கிலாந்தின் வடக்கே வாங்கலாம். அங்கே ஹாதர்ஷா கிளப்பிலிருந்து ஆள்பிடிக்க வந்த இருவரை எங்கள் ஆட்கள் ஆற்றில் தூக்கிப் போட்டார்கள். அவர்கள் ஈரத்தோடே கரையேறி வந்து, சுரங்கத்தில் கரி வெட்டிக்கொண்டிருந்த இட்வாலிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள். மறுநாளே ரக்பி சங்கத்தின் ஆயுள் தடை வந்தது. மைதானத்தில் அவன் கால் வைக்கக் கூடாது, கிளப்பில் பீர் குடிக்கக் கூடாது, யாரும் அவனைக் கண்டுகொள்ளக் கூடாது. அந்தத் தடையைக் கிளப் சுவரில் ஆணியடித்து மாட்டியவர் செயலாளர் எபனேசர் புரோதெரோ, அவனைப் பெற்ற அப்பா. மாட்டிவிட்டுத் திரும்பியபோது, வாசலில் பெட்டியோடு நின்ற மகன் அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அப்போதும் தெரியவில்லை என்றார்.

வடக்கே அவன் எல்லோருக்கும் நன்றாகவே தெரிந்தான். வாரநாளில் பஞ்சாலையில் மூட்டை தூக்கினான், சனிக்கிழமை மைதான ஓரத்தில் பந்தோடு ஓடினான். அவன் காறை எலும்பு முறிந்ததும் அரைக் காது பிய்ந்துபோனதும் பத்திரிகையில் வந்தன. கோடையில் ஊருக்கு வருவான். முடிவெட்டும் கடையில் காலை முழுக்க உட்கார்ந்திருப்பான். காலி நாற்காலி என்று அடுத்தவர் வந்து மடியில் உட்காருவார். தாடியோடு திரும்பிப் போவான். பேசினால் யார் காதிலும் விழாது. நாய்கள் மட்டும் ரக்பி சங்கத்துக்குக் கட்டுப்படாமல் வாலாட்டின. அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: அப்பா ஒருமுறை ஏறெடுத்துப் பார்க்க வேண்டும். பாவம், அதற்குத்தான் விதியில் இடமில்லை.

ஏழாம் வருஷம் இடது முட்டி தேய்ந்து, ஹாதர்ஷாக்காரர்கள் கைகுலுக்கி அனுப்பிவிட, அவன் ஊரோடு வந்து சேர்ந்தான். அந்தப் பனிக்காலத்தில் பக்கத்து ஊர் பிளைன்மோரோடு ஆட்டம். அவர்களிடம் நாங்கள் தோற்றுத் தோற்று அவமானமே பழகிப்போயிருந்தது. போதாக்குறைக்கு ஒருவனுக்குக் காய்ச்சல்; பதினான்கு பேர்தான் தேறினார்கள். கேப்டன் ஹோப்கின் பீவன் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்: "அந்தப் பதினஞ்சாவது சட்டையும் ஆணியிலயே தொங்கட்டும்ப்பா. யாருக்காவது குளிருச்சுன்னா போட்டுக்கட்டும்." அடுத்த நிமிஷம் ஆணி வெறுமையாக இருந்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் பந்து இடுப்பு உயரத்தில் தானாக ஓடத் தொடங்கியது. எதிரிகளை விலக்கி, அவர்களுடைய கோல் கம்பங்களுக்கு நடுவே போய்ப் படுத்தது. துரத்தி வந்த மூவர் அதன் மேல் விழுந்தார்கள். பிளைன்மோர் கேப்டன் கொதித்தான்: "யோவ், யாருய்யா ஓடுனது?"

"பதினாலு பேருதான் இருக்காங்க. கண்ணு இருந்தா எண்ணிக்க," என்றார் எபனேசர்.

நடுவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். பந்து தனியாக ஓடக் கூடாது என்று எங்கும் இல்லை. விசில் ஊதினார், ஜெயித்தோம்.

ஊரே ஹோப்கினைத் தோளில் தூக்கியது. கம்பத்தடியில் மட்டும் சேறு ஓர் ஆள் நீளத்துக்கு அமுங்கிக் கிடந்தது, எழுந்திருக்கவில்லை. ஆட்டக்காரர்களுக்குக் காயம் துடைக்கிற வாளியும் பஞ்சும் எபனேசரின் பொறுப்பு. அவர் நேராக அங்கே போய் மண்டியிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியலப்பா, சும்மா கம்பத்தக் கழுவுறேன்!" என்று ஊருக்கே கேட்கும்படி கத்திவிட்டுக் குனிந்தார். தோளிலிருந்து இறங்கி அருகே வந்த ஹோப்கினுக்கு மீதியும் கேட்டுவிட்டது.

"முட்டிய அசைக்காதடா கழுத. இடது கால ஊனித் திரும்பாதேன்னு அஞ்சு வயசுலேந்து சொல்றேன், கேட்டியா? அரைக் காத வேற தொலைச்சுட்டு வந்து நிக்கிற. எப்பலேந்து தெரியுதுன்னு மட்டும் கேக்காத. வாய மூடிக்கிட்டுத் தோளப் புடி."

ஹோப்கின் வானத்தைப் பார்த்து, மழை வரும் போலிருக்கிறது என்று யாரிடமோ சொன்னான்.

தடை கடைசிவரை நீங்கவில்லை. நீக்கச் சொல்லி யாரும் கேட்கவுமில்லை. அதன் பிறகு ஞாயிறுதோறும் எபனேசர் ஒரு தோளைத் தாழ்த்தி, முட்டி போனவன் நடக்கிற வேகத்தில் ஆராதனைக்கு நடந்து போனார். எதிரே வந்தவர்கள் பாதையை விட்டு இறங்கி இரண்டு பேருக்கு வழிவிட்டார்கள். தொப்பியை எடுத்து வணங்கியது மட்டும் ஒருவரைத்தான்.