இருபது நிமிடத்துக்கு மேல் பேசியவள்

குரல்காரியின் குரல் முதன்முறையாக நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புருஷனைத் திட்டத் தொடங்கிய இருபதாவது நிமிடத்தில். வாய் அசைந்தது, நீட்டிய கை நீட்டியபடி இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. அதே நொடியில் ஃபிரிட்ஜின் சிவப்புக் கதவில் வெள்ளை எழுத்தில் ஓர் அறிவிப்பு தோன்றியது: 'இந்த ஒலி அனுமதியற்ற நகல். ஒலி நிறுத்தப்பட்டது.' புருஷன் அதை இரண்டு தரம் வாசித்தான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் இப்படியொரு வரம் கிடைக்கும் என்று அவன் கனவிலும் நினைத்ததில்லை. தட்டில் இருந்ததை நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, தான் வேலை பார்க்கும் தையல் ஆலைக்குக் கிளம்பினான். கால் மணி நேரம் வாயை மூடியிருந்த பிறகு குரல் திரும்பியது. மறுநாளும் அப்படியே, இருபது நிமிடம்தான்.

அவள் சினிமாவில் நடிகைகளுக்குக் குரல் கொடுப்பவள். அந்த வருஷம் ஒரு பெரிய கம்பெனியின் படத்தில் கதாநாயகிக்குப் பேசியிருந்தாள். திருட்டு டிஸ்க் என்றாலே கம்பெனிக்கு வேப்பங்காய். அதனால் படத்தின் ஒலிக்குள்ளேயே ஒரு முத்திரையைக் கலந்துவிடுவார்கள். மனிதக் காதுக்கு அது கேட்காது, ப்ளேயருக்குக் கேட்கும். முத்திரை இருக்கிறது, டிஸ்க்கோ கம்பெனியுடையது இல்லை என்றால், ப்ளேயர் இருபது நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒலியை அடைத்துவிடும். எல்லா ஒலிகளையும் சேர்க்கும் கடைசிக் கட்டத்தில்தான் முத்திரையைக் கலப்பது வழக்கம். சவுண்டு என்ஜினியருக்கு வீட்டில் தங்கை கல்யாணம், கால் தரையில் நிற்கவில்லை. ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று அவள் பேசப் பேசவே முத்திரையைக் கலந்தான், கலந்த ஒலியையே அவள் ஹெட்ஃபோனுக்கும் திருப்பி அனுப்பினான். நாற்பத்தொரு நாள் அவள் தன் குரலை முத்திரையோடு கேட்டுக்கொண்டே பேசினாள். அது காது வழியாக இறங்கித் தொண்டையில் தங்கிவிட்டது. இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. மாவு மில்லில் நிற்கிறவன் தலையில் மாவு படியத்தான் செய்யும்.

அவர்கள் குடியிருந்தது இரண்டாம் மாடி. கீழே டிஸ்க் கடை. போலி டிஸ்க்கை மோந்து பார்த்தே சொல்லிவிடுவார் என்று கடைக்காரருக்குப் பெயர் உண்டு. அடிப்பக்கம் வெள்ளியாக மின்னுகிறதா, ஊதா அடிக்கிறதா, அட்டைப்பட எழுத்தின் ஓரம் மங்கியிருக்கிறதா, நடு ஓட்டையைச் சுற்றி எண் பொறித்திருக்கிறதா என்று பார்ப்பார். குரல்காரியை ஜன்னல் வெளிச்சத்தில் நிறுத்தி, இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்று அரை மணி நேரம் பார்த்தார்.

"அக்கா, பாத்தா ஒரிஜினல் மாதிரிதான் இருக்கீங்க. ஆனா நம்பர் எங்கயும் காணோமே," என்றார். "ஒண்ணு பண்ணுங்க. பத்தொம்பது நிமிஷம் பேசுங்க, நிறுத்துங்க, தண்ணி குடிங்க, அப்புறம் பேசுங்க. ஊர்ல பாதிப் பேருக்கு இது நல்ல பழக்கம்."

"எவனோ மணி அடிப்பான், நான் தண்ணி குடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அவள் மாடியேறினாள். அன்றிலிருந்து குரல் நின்ற பிறகும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. சத்தமில்லாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் வாயை மூடினாள். அறிவிப்புகள் சுவரிலும், பால்காரனின் சைக்கிள் பெட்டியிலும், ஒருமுறை புருஷனின் பனியனிலும் வந்தன. ஸ்டுடியோக்களிலிருந்து அழைப்பு வருவது குறைந்து, பிறகு அடியோடு நின்றது.

மூன்றாம் மாதம் கம்பெனியின் பரிசோதகர் பூதக்கண்ணாடியோடு வந்தார். அவள் நாக்கு, தொண்டை, காது மடலின் பின்பக்கம் எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை எழுதினார். படத்தில் இருப்பதே மூலக்குரல், இந்தப் பெண்மணி அதன் நகல், அனுமதியின்றி நடமாடி வருகிறார் என்றது அறிக்கை. கூடவே ஒரு காகிதமும் வந்தது. இனி இருபது நிமிடத்துக்குள் பேசிக்கொள்கிறேன், அதுவும் கம்பெனியின் தயவில் என்று அவள் கையெழுத்திட வேண்டும். இல்லையென்றால் விசாரணைக்கு வந்து தன்னை ஒரிஜினல் என்று நிரூபிக்க வேண்டும். தோற்றால் அந்த இருபது நிமிடமும் போய்விடும்.

"போட்டுடேன். இருபது நிமிஷம் போதாதா?" என்றான் புருஷன்.

"உங்களைத் திட்டவே பத்தாது," என்றாள்.

அவன் சிரித்தான். ஆனால் அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது, அவள் அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாள். முந்நூறு இயந்திரங்கள் ஓடும் தையல் ஆலையில் சத்தம் போட்டுப் பேசினாலும் யாருக்கும் கேட்காது. அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள், இருபது வருஷமாக அவனுக்கும் அதுதான் பழக்கம். வாசலில் நின்று அவள் உதட்டைப் பார்த்தான். 'நான் நகல்னா எங்கம்மா பெத்தது யாரை?' என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அவள் குரல் நின்றதில் தனக்கு ஒரு சந்தோஷம் இருந்ததை நினைத்து அவனுக்கு வெட்கமாக இருந்தது. கையெழுத்துக் காகிதத்தை எடுத்து நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு முட்டுக் கொடுத்தான்.

விசாரணை கம்பெனியின் ஐந்தாம் மாடியில் காலை பதினொரு மணிக்குத் தொடங்கியது. வெள்ளைச் சட்டையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்த்தரப்பு பேசி முடிக்கும்வரை அதிகாரிகள் எழுந்திருக்கக் கூடாது என்பது கம்பெனியே எழுதிய விதி. அவள் குழாயடியில் போட்ட முதல் சண்டையிலிருந்து ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் அதிகம் பேசியதற்காக பெஞ்சில் ஏறி நின்ற கதைக்கு வந்தபோது இருபது நிமிடம் ஆனது, குரல் நின்றது. மூன்று சட்டைகளிலும் அறிவிப்பு தோன்றியது. வெள்ளைத் துணி என்பதால் எழுத்து கறுப்பாக வந்தது. பெரிய அதிகாரி திருப்தியோடு பேனாவை மூடினார். அவள் உட்காரவில்லை, வாயும் ஓயவில்லை. கால் மணி நேரம் இப்படிப் போன பிறகு பின்வரிசையிலிருந்து புருஷன் எழுந்தான். அவள் உதட்டைப் பார்த்து, அவள் சொன்னதைத் தன் கரகரத்த குரலில் சொல்லத் தொடங்கினான். ஊரில் உள்ள நடிகைகளுக்கெல்லாம் குரல் கொடுத்தவளுக்கு அன்று அவன் குரல் கொடுத்தான். தன் புருஷன் ஒரு சோம்பேறி, வாங்கி வரச் சொன்னதை ஒருநாளும் ஒழுங்காக வாங்கி வந்ததில்லை என்று அவள் சொன்ன இடத்தையும் ஒரு வார்த்தை விழுங்காமல் சொன்னான்.

"நிறுத்துங்க. இது நகலோட நகல்," என்றார் பெரிய அதிகாரி.

"ஆமா சார், காப்பிதான்," என்றான் அவன். "ஆனா என் வாய்ல உங்க முத்திரை இல்ல. சாயங்காலம் வரைக்கும் ஓடும்."

விதிப்படி அதிகாரிகளால் எழுந்திருக்க முடியவில்லை. சாப்பாட்டு வேளை கடந்தது. மூன்று மணி சுமாருக்கு அவன் தொண்டை வறண்டு, "எங்கம்மா என்னைப் பெத்தப்ப" என்ற இடத்தில் அடியோடு அடைத்துக்கொண்டது. அவன் அவளைப் பார்த்தான். அவள் நிறுத்தவில்லை. மீதி வாக்கியம் அவள் குரலிலேயே வந்தது.

"நான் கத்திக்கிட்டேதான் வந்தேன். அப்ப உங்க கம்பெனி எங்க இருந்துச்சு?"

அவள் மேலும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, புருஷனுக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அதிகாரிகளின் சட்டையில் இருந்த எழுத்து எந்தச் சோப்புக்கும் போகவில்லை.

அதே மூன்று மணிக்கு, கம்பெனியின் ஒரிஜினல் டிஸ்க்குகள் அத்தனையிலும் கதாநாயகியின் குரல் காணாமல் போனது. மழை, கார், வில்லனின் சிரிப்பு எல்லாம் கேட்டன, அவள் வாய் மட்டும் சும்மா அசைந்தது. ஊதா அடிக்கும் திருட்டுக் காப்பிகளில் முதல் இருபது நிமிடமாவது அவள் பேசினாள். ஜனங்கள் ஒரிஜினலைப் போலி என்று கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர் ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டார், பிறகு பழகிக்கொண்டார். கதாநாயகி ஊமையாக இருந்தால் அசல் என்று இப்போது எல்லாக் கடைகளிலும் சொல்லிவிடுவார்கள்.

மீண்டும் வந்து பேசித் தரும்படி கம்பெனி நான்கு வருஷத்தில் ஒன்பது கடிதம் எழுதியது. ஒவ்வொன்றையும் அவள் பால்கனியில் நின்று உரக்க வாசித்து, முடியாது என்பதற்கான காரணங்களைத் தெருவுக்கு விளக்கினாள். சில நாள் இரண்டு மணி நேரம்கூட ஆகும். படம் இன்றும் விற்கிறது. குரல் வேண்டும் என்கிறவர்கள் இரண்டாம் மாடிக்குப் போகிறார்கள். அவள் வீட்டில் இருந்து, பேச மனமும் இருந்தால் கேட்டுவிட்டு வருகிறார்கள்.