காத்திருக்கும் கட்டளை

...இல்லை, ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தேன், ஒரே ஒரு லேப்டாப்பை, பின்னறை அலமாரியில் மூடி உடைந்து கிடக்கிறதே அதை மட்டும்தான், என்று கெரின் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள், திரை அதைக் காதில் வாங்குகிற வழியாக இல்லை. ‘பழையவை’ என்ற பட்டியல் முழுவதற்கும் டிக் விழுந்திருந்தது. எட்டு மெஷின்கள். ஏழுக்கு எதிரே ‘முடிந்தது’, எட்டாவதற்கு எதிரே சிவப்புப் புள்ளியோடு ‘காத்திருக்கிறது’. அந்த ஏழும் அலமாரியில் தூசி தின்றுகொண்டிருப்பவை, உள்ளே இருக்கிறதையெல்லாம் துடைத்து வெறுமையாக்கினால் யாருக்கு என்ன நஷ்டம், ஆனால் எட்டாவது, பாலைவனத்துக் கிணறுகளை அளக்கப் போயிருக்கிற மெர்வுடையது... மெர்வ் ஊர் திரும்பியதும் அவருக்குப் புதுசு கொடுக்க வேண்டும், மறந்துவிடக் கூடாது என்று போன வாரம் அவளேதான் அதை இந்தப் பட்டியலில் போட்டு வைத்தாள். மறக்கக் கூடாதாம்! ஒரு தடவை எழுதி வைத்த கட்டளை வரிசை, ஸ்க்ரிப்ட், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓட்டலாம், ஏன் எதற்கு என்று கேட்காது, எந்த மெஷின் என்று காட்டினால் போதும், இந்த ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஆபீஸில் நாற்காலியை விட்டு எழாமலே பாலைவனத்தின் மறுகோடியில் இருப்பதை மொட்டையடித்துவிடலாம். இந்தச் சாமர்த்தியத்தைச் சொல்லித்தானே இந்த வேலையை வாங்கினாள்?

மெஷின் இணைப்பில் இல்லையென்றால் கட்டளை போகாது, ஆனால் போகாமலும் விடாது, வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். தனாமி ரோட்டில் எங்கோ ஓட்டிக்கொண்டு வருகிற மெர்வ் வழியோர விடுதியான ரோட்ஹவுஸில் இறங்கி, குளிர்ந்த பியர் ஒன்றை வாங்கிக்கொண்டு, அங்கே இருக்கிற சாட்டிலைட் இணைப்பில் லேப்டாப்பைத் திறப்பார், அவ்வளவுதான், ஆறு வாரம் வெயிலில் காய்ந்து ஒவ்வொரு ஆழ்துளைக் கிணறாகப் போய் அளந்த தண்ணீர்க் கணக்கெல்லாம் அவர் கண்ணெதிரிலேயே போய்விடும், எந்தத் தண்ணீரைக் குழந்தைகள் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்பது உட்பட. வேறு எங்காவது நகல் இருக்குமா? எப்படி இருக்கும், பிப்ரவரியில் இதே மாதிரி ஒரு ஸ்க்ரிப்டை எல்லா மெஷினுக்கும் அனுப்பி, பென் டிரைவ் எதுவும் ஏறாதபடி அடைத்தது யார்? மெர்வ் போன் பண்ணினாரே, “ஏம்மா, குச்சியச் சொருகினா மூஞ்சியத் திருப்பிக்குது, நீதான் ஏதாவது பண்ணிட்டியா?” என்று, இவள் பெரிய அதிகாரி மாதிரி, “பாதுகாப்புக்குத்தான் மெர்வ்” என்றாள். “யார்கிட்டேருந்து? இங்க என்னையும் ஈயையும் விட்டா யாரு இருக்கா?” அன்றைக்கு இவளும் சேர்ந்து சிரித்தாள்.

‘ரத்து செய்’ பட்டனை அழுத்தியாகிவிட்டது, அழுத்திய உடனே ‘ரத்து கோரப்பட்டது’ என்று ஒரு வரி வந்தது, ஆனால் பக்கத்திலேயே ‘காத்திருக்கிறது’ அசையாமல் நிற்கிறதே, அப்படியென்றால் என்ன அர்த்தம்? துடைக்கச் சொன்னதும் வேண்டாம் என்றதும் ஒரே கதவுக்கு வெளியே நிற்கின்றனவா, கதவு திறந்தால் எது முதலில் உள்ளே நுழையும்? மெர்வின் சாட்டிலைட் போனுக்கு அடித்துப் பார்த்தாள், சார்ஜ் போய்விடும் என்று அணைத்தே வைத்திருப்பார், எடுக்கவில்லை. பின்னால் செருப்புச் சத்தம், கிரேம், அவளுடைய மேலாளர், கையில் காப்பியோடு. “என்ன கெரின், பேயறஞ்ச மாதிரி இருக்க?” “சூடு, கிரேம்.” “ஏசி இந்தப் போடு போடுது, சூடாம்!” சிரித்துக்கொண்டே போனான். அவனிடம் சொல்லலாம்... சொல்லத்தான் வேண்டும்... ஆனால் அடுத்த வாரம் இவளை நிரந்தரமாக்குகிற காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறவன் அவன், இதற்குமுன் இந்த நாற்காலியில் இருந்தவன் எல்லாக் கிளைகளின் பிரிண்டர்களையும் ஒரே நேரத்தில் ஓடவிட்ட கதையை ஒவ்வொரு பார்பிக்யூவிலும் சொல்லிச் சிரிக்கிறவனும் அவன்தான். அந்த ஆளின் பெயர்கூட இப்போது யாருக்கும் ஞாபகமில்லை, பிரிண்டர்காரன், அவ்வளவுதான். இவள் யார் ஆவாள்?

ரோட்ஹவுஸுக்குப் போன் போட்டு, மெர்வ் வந்தால் லேப்டாப்பைத் திறக்க வேண்டாம் என்று சொல்லலாம், ஒரு நிமிட வேலை. ஆனால் அங்கே போனை எடுப்பது ஜாய்லீன், ஏன் என்று கேட்காமல் விடுவாளா, அவளிடம் ஒன்றைச் சொன்னால் ரோடு முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி, நாளைக்கே லாரிக்காரன் ஒருவன் கிரேமிடம் விசாரிப்பான். என்ன பொய் சொல்வது? வைரஸ் என்று சொல்லலாமா, அப்புறம் வைரஸ் எங்கிருந்து வந்தது என்பார்களே... மெர்வ் வர வேண்டாம், இப்போதைக்கு வர வேண்டாம், ஒரு டயர் வெடிக்கட்டும், ஒன்றே ஒன்று, இந்தக் ‘காத்திருக்கிறது’ மறைகிற வரைக்கும் போதும், கடவுளே. கோயில் குளம் பக்கம் போகாத வீட்டில் பிறந்தவள், யாரைக் கூப்பிடுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

போன் அடித்தது.

“கெரின் கண்ணு, நான் ஜாய்லீன். மெர்வ் உன் ஸ்க்ரீன்ல தெரியறானா?”

“இல்ல... இன்னும் இல்ல.”

“மதியம் சாப்பாட்டுக்கு வந்துடறேன்னான். சுட்டு வச்ச ஸ்டேக் செருப்பாட்டம் ஆயிடுச்சு. அந்தப் பக்கத்துலேருந்து இப்பதான் ஒரு லாரிக்காரன் வந்தான், வழியில ஒரு வண்டியும் கண்ணுல படலங்கறான். இந்த வெயில்ல எனக்கு என்னமோ பிடிக்கல. போலீஸுக்குச் சொல்லிடட்டுமா?”

நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் சட்டென்று இறங்கியது. அவர் வரவில்லை, திறக்கவில்லை, நேரம் இருக்கிறது... போலீஸ் போனால் அவரைத் தேடிப் பிடித்து நேராக ரோட்ஹவுஸுக்குத்தான் கொண்டுவருவார்கள்.

“கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம் ஜாய்லீன், டயர் கியர் மாத்திட்டிருப்பாரு.”

“நீ சொன்னா சரி கண்ணு. உங்க மெஷின்லதான் எல்லாம் தெரியுமே.”

வைத்துவிட்டாள். என்ன தெரியும் இந்த மெஷினுக்கு, ஒரு புள்ளி சிவப்பாக இருக்கிறது என்பதைத் தவிர? ஜாய்லீன் இப்போது நிம்மதியாக அடுப்பைத் துடைக்கப் போயிருப்பாள். வெளியே தார் ரோடு இளகிக் கிடந்தது, அங்கே ரோடுகூட இல்லை, வெறும் செம்மண், நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, வண்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கும்? கிணறு கிணறாகத் தண்ணீரை அளந்த மனிதரிடம் குடிக்க எவ்வளவு இருக்கும்? அந்தக் கேள்வி தனக்கு இப்போதுதான் தோன்றுகிறது என்பது கெரினுக்கு உறைத்தது. போலீஸைக் கூப்பிடச் சொல்ல ரோட்ஹவுஸ் எண்ணை அழுத்தப் போனாள், விரல் பட்டன்மேல் இருந்தது, கண் மட்டும் திரையை விட்டு நகர மறுத்தது.