பாப்பம்மா கொடுத்த தண்ணீர்

காலை ஐந்து மணிக்கு மாதேஸ்வரி தண்ணீரைக் கெட்டியாக்கிக்கொண்டிருந்தாள். டம்ளர் தண்ணீரில் டப்பாவிலிருந்த மாவை ஸ்பூனால் அளந்து போட்டு, கட்டி தட்டாமல் கலக்கி, ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தாள். கூழ் மாதிரி மெதுவாக வழிந்தது. தண்ணீரைக் கூழாக்கிக் கொடுக்கிற கூத்தை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? பாப்பம்மாவும் கேள்விப்பட்டதில்லை. சமையலறை வாசலில் நின்று முகத்தைச் சுளித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாப்பம்மா பாரூர்க்காரி. ஏரியும் வாய்க்காலுமாகத் தண்ணீருக்குக் குறைவில்லாத ஊர். அவளோடு கூடப் பிறந்த ஒரே தம்பி மதுரைவீரன், ஓசூரில் வண்டி பாகம் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக மெஷின் ஓட்டியவன். இரண்டு மாதத்துக்கு முன் மூளையில் ரத்தம் அடைத்து வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நாலைந்து வார்த்தைகள்தான் திரும்பி வந்திருந்தன. அவன் மனைவி மாதேஸ்வரிக்கும் கம்பெனி வேலைதான், முதல் ஷிப்ட். லீவெல்லாம் தீர்ந்து அவள் வேலைக்குப் போயே ஆகவேண்டிய நாள் வந்ததும், பகலில் தம்பியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பாப்பம்மா பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். அந்தப் பாசத்தில் யாரும் ஒரு குறை சொல்ல முடியாது.

கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் முன் மாதேஸ்வரி நேற்றுச் சொன்னதையே இன்றும் சொன்னாள். நேராக உட்கார வைக்க வேண்டும். தாடையை நெஞ்சுப் பக்கம் குனியச் சொல்ல வேண்டும். ஒரு ஸ்பூன் இறங்கிய பிறகுதான் அடுத்த ஸ்பூன். வெறும் தண்ணீர், காபி, மோர் எதுவும் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, வழி மாறி நுரையீரலுக்குள் போய்விடும். சாயங்காலம் வந்து, என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டு, சுவரில் ஒட்டிய தாளில் எழுதிக்கொள்வாள்.

அந்தத் தாள் ரெனிட்டா கொடுத்தது. பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி கொடுக்கிற பெண் அவள். பக்கவாதம் வந்தவர்களுக்கு வீட்டிலேயே இப்படிப் பக்குவமாக ஊட்டினால் நெஞ்சுச் சளி வராமல் தடுக்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்கிறாள். ஓசூரைச் சுற்றி நாற்பது வீடுகளில் இதே தாள் தொங்குகிறது. வாரம் ஒருமுறை வந்து பார்த்து, மதுரைவீரனை நாலு வார்த்தை பேசவும் வைத்துவிட்டுப் போவாள்.

பாப்பம்மாவுக்கு இதெல்லாம் ஏறவே இல்லை. படித்தவர்கள் எதையாவது சொல்வார்கள், இவளுக்கு எங்கே போச்சு புத்தி என்று மருகினாள். மனசு ஆறாமல் பாரூரில் இருக்கும் பெரியம்மா மகள் ரங்கம்மாவுக்குப் போன் போட்டு, “கட்டுன புருஷனுக்கு ஒரு வாய்த் தண்ணி குடுக்க மாட்டேங்குறாடி” என்று கொட்டித் தீர்த்தாள். ரங்கம்மா வாயில் விழுந்தது ஊருக்கே போய்ச் சேர்ந்தது. ஆளாளுக்கு மாதேஸ்வரிக்குப் போன் போட்டு, ஏம்மா இப்படிப் பண்ணுகிறாய் என்று கேட்டார்கள். பாவம், அவள் ஷிப்டில் நின்றுகொண்டு எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வாள்?

மறுநாள் பதினோரு மணி இருக்கும். மதுரைவீரன் மூலையிலிருந்த குடத்தையே பார்த்தான். திக்கித் திக்கி, “தண்ணி... க்கா” என்றான். பாப்பம்மா எழுந்து குடத்தருகே போனாள். ஒரு டம்ளர் மொண்டு வாயில் வைத்தாள். கடகடவென்று குடித்தான். இருமல்கூட வரவில்லை. கோணிய வாயால் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். பாப்பம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் மாதேஸ்வரி கேட்டபோது, நீ கலக்கி வைத்ததுதான் கொடுத்தேன் என்று வாய் கூசாமல் சொன்னாள். அப்படியே ஒன்பது நாள் போனது.

பத்தாம் நாள் அவன் உடம்பு கொதித்தது. மூச்சு கரகரவென்று இழுத்தது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரல் முழுக்கச் சளி கட்டியிருக்கிறது என்றார் டாக்டர். சாப்பாடு இறக்க மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஐந்தாம் நாள் ரெனிட்டா அந்தத் தாளை வைத்துக்கொண்டு கட்டிலருகே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தாளில் ஒரு பிசகும் இல்லை. எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இப்படி ஆகிறதென்றால், வாய் வழியாகக் கொடுப்பதே இவருக்கு ஆகாது என்றுதான் அர்த்தம், வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்வதாக மாதேஸ்வரியிடம் சொன்னாள். இனிமேல் வாயில் எதுவும் கிடையாது.

மதுரைவீரனுக்குப் பேச்சுதான் போயிருந்தது, புத்தி போகவில்லை. எல்லாம் புரிந்தது. இடது கையால் தன் வாயைத் தொட்டுக் காட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மாதேஸ்வரி அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நான் எதில் தப்புப் பண்ணினேன் என்று தெரியவில்லையே என்று விம்மினாள்.

பாப்பம்மா சுவரோரம் நின்றிருந்தாள். கம்மென்று இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தம்பி காட்டிக்கொடுக்க மாட்டான், சொல்ல அவனுக்கு வாயும் இல்லை. சொன்னாலோ, ஊரெல்லாம் யாரைத் தூற்றினாளோ அவள் முன்னாலேயே மானம் போகும். ஆனால் தம்பி வாயைத் தொட்டுக்கொண்டே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

“அவ மேல தப்பு இல்லம்மா” என்றாள் ரெனிட்டாவிடம். “நான்தான் தெனமும் வெறும் தண்ணி குடுத்தேன். ஒம்போது நாளு. இருமலயேன்னு குடுத்துட்டேன்.”

மாதேஸ்வரி திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை. “ஏன் அண்ணி எங்கிட்ட சொல்லல?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம் என்று இருந்தது பாப்பம்மாவுக்கு.

ரெனிட்டா பேனாவை எடுத்து அந்த ஒன்பது நாட்களையும் திருத்தி எழுதினாள். “சில பேருக்கு உள்ள போனாலும் இருமல் வராது பெரியம்மா, அதுதான் ஆபத்து. நீங்க இப்ப சொல்லலன்னா இவர் வயித்துல குழாய் ஏறியிருக்கும். என் ஆராய்ச்சியில பொய் ஏறியிருக்கும். நாளைக்கு வேற ஒருத்தர் வாயையும் அந்தப் பொய் அடைச்சிருக்கும்” என்றாள். எழுந்து டாக்டரிடம் போனாள். வயிற்றுக் குழாய் இப்போது வேண்டாம், சளி இறங்கட்டும், மறுபடி சோதித்துப் பார்க்கலாம் என்று முடிவானது.

மூன்று வாரம் கழித்து மூக்குக் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் கெட்டித் தண்ணீரை முதல் ஸ்பூன் ஊட்டியது பாப்பம்மாதான். மாதேஸ்வரி பக்கத்தில் நின்று தாடையைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரங்கம்மா நாலு இளநீரோடு வந்து இறங்கினாள். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாக, பாவி மவளே, ஒரு வாய் இளநீராவது குடுத்தியா என்று மாதேஸ்வரியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே கட்டில் பக்கம் போனாள். பாப்பம்மா எழுந்து குறுக்கே நின்று, இளநீரைக் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

“தண்ணி குடுக்காதவ என் தம்பிய உசுரோட வெச்சிருந்தா. தண்ணி குடுத்த நான்தான் கொல்லப் பாத்தேன். இத ஊருல போயி சொல்லு, அன்னிக்கு நான் சொன்னத சொன்ன மாதிரியே வீடு வீடா சொல்லு. சீக்காளிக்கு என்னா குடுக்கறதுன்னு பாசத்தக் கேக்காத ரங்கம்மா, பாத்துக்கறவள கேளு.”