மஞ்சளுக்கு வெயில் ஆகாது

கடைசிச் சோப்புத் துண்டு வியாழக்கிழமை காலையில் மாடம்மாளின் உள்ளங்கையிலேயே கரைந்து தீர்ந்தது. கேரளத்து விழிஞ்ஞத்தில் ஸ்ரீகண்டன் நடத்தும் லாட்ஜுக்கு அறை துடைக்க வந்து பதினோரு வருடமாகிறது. இதுவரை அவள் காசு கொடுத்துச் சோப்பு வாங்கியதில்லை. வெள்ளைக்காரர்கள் அறையைக் காலி செய்ததும் குளியலறையில் மிஞ்சிக் கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி முந்தியில் முடிந்துகொள்வாள். ஒன்றில் லவங்கம் மணக்கும், ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் அவளுக்குப் பெயர் தெரியாத ஏதோ பூ. கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தால் நுரைக்குள்ளே பனி விழுகிற தெருவெல்லாம் தெரியும். தொப்பி போட்ட யாரோ அவளுக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். பாஸ்போர்ட் இல்லாமல் மாடம்மாக்கா போகாத தேசம் கிடையாது என்று ரிசப்ஷனில் உட்காரும் ஜெஸ்லின் கேலி செய்வாள்.

அந்த யாத்திரைக்கெல்லாம் இப்போது முற்றுப்புள்ளி. குளியலறைத் தண்ணீர் போய்த் தேங்குகிற குழி கிணற்றுக்கு ரொம்பப் பக்கம். கோடையில் வாளியை இறைத்தால் நுரையும் கூடவே ஏறி வந்தது. போதாததற்கு, இந்த சீசனுக்கு முதலில் வருகிற ஜெர்மன்காரர்கள் பன்னிரண்டு பேர், ரசாயனம் கலந்த எதுவும் கூடாது என்று எழுதியிருந்தார்கள். பெரிய ஆயுர்வேத ஓட்டல்கள் விற்கிற பொடியின் விலையைக் கேட்டுவிட்டு வந்த ஸ்ரீகண்டன், நேராக மாடம்மாளிடம்தான் வந்தார்.

"இனி சோப்பு வேண்டா, மாடம்மா. பயறுபொடியும் இஞ்சை நாரும் போதும். செலவும் பாதி. ஆளுகளுக்குப் பிடிச்சுதுன்னா நீ இனி தறை துடைக்கண்டா. ஒரு இடத்தில இருந்து பொடி திரிச்சாப் போதும்."

மாடம்மாளின் முட்டி இரண்டும் அதைக் கேட்டு மகிழ்ந்தன. உட்கார்ந்து செய்கிற வேலை. நிழலில், கிணற்றடியில். மூன்று ராத்திரி அவளுக்கு அதே கனவுதான்.

தேய்த்துக்கொள்ள இஞ்சை மரப்பட்டையின் நாரை அவள் முடிச்சு முடிச்சாகக் கட்டிவைத்தாள். பச்சைப்பயறும் ஆவாரம்பூவும் பூலாங்கிழங்கும் காயவைத்து இடித்தாள். குண்டு மஞ்சளைக் கையில் எடுத்தபோது மட்டும் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். அவள் புருஷன் தாணுமாலையன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்தபிறகு அவள் உடம்பில் மஞ்சள் பட்டதில்லை. தாலியறுத்தவளுக்கு மஞ்சள் என்னத்துக்கு என்று ஊரில் சொன்னார்கள்; அவளும் தலையை ஆட்டிவிட்டு இந்தப் பக்கம் பஸ் ஏறினாள். அதில் அவளுக்குப் பெரிய துக்கம் இருந்தது. சோப்பு வாசத்தில் அதை மறந்திருந்தாள். ஒரு பிடி போதுமான இடத்தில் இப்போது மூன்று பிடி போட்டாள். விருந்தாளிக்கு மஞ்சளில் போய்க் கஞ்சத்தனமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தன் பதினோரு வருடப் பங்கையும் சேர்த்துப் போட்டாளோ என்னவோ!

ஜெர்மன்காரர்களில் ஒரு அம்மாள் மட்டும், இடம் எப்படி என்று பார்ப்பதற்காக முன்கூட்டியே வந்து நாலாம் நம்பர் அறையில் தங்கியிருந்தாள். மாடம்மாள் தேங்காய்ச் சிரட்டை நிறையப் பொடியை அவள் குளியலறையில் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அரைமணி நேரம் கழித்து ஜெஸ்லின் ஓடிவந்தாள்.

"அக்கா, மேடம் டாக்டரை விளிக்கச் சொல்லுது! கண்ணாடில பாத்துட்டு மஞ்சக்காமாலைன்னு பேடிச்சுப்போய் இருக்கு!"

மேலே போய்ப் பார்த்தால் கழுத்து, தோள், காது மடல் எல்லாம் மஞ்சளாக அந்த அம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சடங்கான பெண்ணைப் பார்ப்பதுபோல இருந்தது மாடம்மாளுக்கு. ஜெஸ்லின் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னதும் அந்த அம்மாள் பயம் தெளிந்து சிரித்துவிட்டாள், நல்லவள். ஆனால் அவள் துடைத்துப் போட்ட இரண்டு வெள்ளை டவலும் தாழம்பூ நிறத்தில் கிடந்தன. மாடம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் ஊரில் மஞ்சள் தேய்த்துக் குளிக்கிற பெண் எவளும் வெள்ளைத்துணியில் துடைப்பதில்லை. பழஞ்சேலைதான். பொடி இடிக்கும்போது டவலின் நினைப்பே அவளுக்கு வரவில்லை.

பின்னாலேயே வந்த ஸ்ரீகண்டன் டவல்களை அள்ளிச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடினார். மிச்சப் பொடியோடு சிரட்டையும் அந்தச் சுருட்டலுக்குள்ளே மாட்டியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. சீசனுக்கென்று வாங்கிய இரண்டு டஜன் புது டவல்கள் ஊறிக்கொண்டிருந்த சலவைச் சோடாத்தண்ணீர்த் தொட்டியில் எல்லாவற்றையும் போட்டு ஒரு கலக்குக் கலக்கினார். தண்ணீர் குபீரென்று சிவந்தது.

"எந்தா இது? சோரயோ!" ரத்தத்தையே கண்டதுபோலத் துள்ளி விலகினார்.

"சோடா பட்டா மஞ்ச செவக்கத்தான செய்யும் சாரே. நீங்க ஆரத்தி பாத்ததில்லியா? நல்லா அலசினா திரும்பவும் மஞ்சளாயிரும்."

"மஞ்சளாயிட்டு? நாளைக் காலையில பாக்கி பதினோரு பேர் வராங்க! பிளீச்சிங் பவுடர் எடு!"

"அந்தத் தண்ணியும் இந்தக் கெணத்துக்குத்தான சாரே போவும்?"

தொட்டியில் கலக்கியது யார் என்று அவள் கேட்கவில்லை. ஸ்ரீகண்டன் கிணற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"மஞ்சளுக்கு வெயிலு ஆவாது, சாரே," என்றாள் மாடம்மாள். "வெயில்ல போட்டா தன்னால போயிரும்."

"ஐப்பசியாக்கும். உச்சை கழிஞ்சா மழை. அதுக்குள்ள போகலேன்னா, மாடம்மா, பொடி ஜோலியும் இல்லை, தறை ஜோலியும் இல்லை. பின்ன என்னைக் குற்றம் சொல்லாதே."

லாட்ஜுக்குப் பின்னால் கரும்பாறை கடல்வரைக்கும் சரிந்து இறங்குகிறது. அலசிப் பிழிந்த இருபத்தாறு டவல்களையும் மாடம்மாள் அதன்மேல் விரித்து, மூலைக்கொரு கல் வைத்தாள். கீழே கடல் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முட்டி கெஞ்சக் கெஞ்ச, ஒவ்வொன்றாகப் புரட்டிப்போட்டுக்கொண்டே போனாள். பத்து மணிக்குத் தாழம்பூ நிறம் சந்தனமாயிற்று. பதினொன்றுக்கு மோர் நிறம். வெயில் வந்து மஞ்சளை நக்கிக் குடிப்பதை உட்கார்ந்தபடி பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தூக்கம் போல ஏதோ ஒன்று சொக்கிக்கொண்டு வந்தது. நாலாம் நம்பர் அம்மாள் மஞ்சள் கழுத்தோடு கடற்கரையில் நடந்துபோனாள். மீன்கூடைக்காரிகள் நின்று பார்த்தார்கள். யார் வீட்டுக் கல்யாணமோ என்று நினைத்திருப்பார்கள்.

பொன்முடி மலைப் பக்கம் ஒரு கருமேகம் எழும்பியது. இன்னும் ஆறு டவல்கள் பாக்கி. மாடியிலிருந்து ஸ்ரீகண்டன் கையை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்தார். ஒரு நாழிகை நில்லு, அவ்வளவு போதும் என்று மாடம்மாள் சூரியனிடம் வாய்விட்டே கேட்டாள்.

அடுத்த டவலைப் புரட்டக் கையை நீட்டியபோதுதான் பார்த்தாள். மூன்று நாள் இடித்ததும் இப்போது அலசியதும் சேர்ந்து, அவள் உள்ளங்கையும் விரல்களும் நகக்கண்களும் பசுமஞ்சளாக இருந்தன. பதினோரு வருடத்துக்குப் பிறகு. வெயில் அந்தக் கைமேல் சுள்ளென்று விழுந்தது. டவலை அவசரமாகக் கால்விரலால் புரட்டிவிட்டு, மாடம்மாள் இரண்டு கைகளையும் இழுத்துத் தன் சேலை மடிப்புக்குள், வெயில் எட்டாத இருட்டுக்குள் ஒளித்துக்கொண்டாள்.