முசிறிக்குப் போன பொத்தான்

அரூர் அலுவலகத்துக்குப் பெரிய கணினித் திரைகள் வந்ததிலிருந்து 'சேமி' பொத்தான் திரைக்குள் இருப்பதில்லை. மென்பொருள் பழைய சிறிய திரைக்கு எழுதியது. திரை வளர வளர, பொத்தான் தெற்கே நகர்ந்துவிடும். பத்தொன்பது அங்குலத்தில் பக்கத்து அறைச் சுவரில் இருந்தது. இருபத்திரண்டில் எதிரே ஜெராக்ஸ் கடை ஷட்டருக்குப் போனது. இருபத்து நான்கு வந்தபோது பேருந்து நிலையக் கழிப்பறையின் வெளிச்சுவரில் போய் நின்றுகொண்டது.

தமயந்தி ஒரு நாளைக்கு நாற்பது சான்றிதழ் போடுகிறவள். நாற்பது தடவை பேருந்து நிலையம் போய் அழுத்திவிட்டு வருவாள். கழிப்பறைக்காரர் வெயிலுக்கென்று அவளுக்கு ஒரு குடை கொடுத்திருந்தார். முழங்கால் விட்டுப்போயிற்று, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கணவன் குணாளனும் நான்கு வயது மகளும் முசிறியில் இருந்தார்கள். மகள் போனில் அவளை 'ஆபீஸ் அம்மா' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். அதைத்தான் பொறுக்க முடியவில்லை. இடமாறுதல் கேட்டு ஐந்து மனு போட்டாள். ஐந்தும் கிணற்றில் போட்ட கல்.

ஒரு மத்தியானம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தாள். நாற்பத்து மூன்று அங்குலத் திரை வந்தால் பொத்தான் நேரே முசிறிக்குப் போகும். ஆறாவது மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டு, திரை கேட்டு எழுதினாள். மூன்றே நாளில் வந்துவிட்டது. சர்க்காரில் ஆளை நகர்த்துவதுதான் கஷ்டம், சாமானுக்கு ஒரு தடையும் இல்லை.

அன்று சாயங்காலம் குணாளன் கூப்பிட்டான்.

"வந்துருச்சு தமயந்தி. சமையக்கட்டுல, மிக்சிக்கு மேல."

"நான் வர்ற வரைக்கும் பாப்பாவ தொடவிடாதீங்க."

அவளுக்கு அழுகை வந்தது. பாக்கியிருந்த பதினோரு சான்றிதழைத் தட்டச்சு செய்துகொண்டே அழுதாள்.

மறுநாள் கண்காணிப்பாளர் மரகதம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்.

"தாராளமா வீட்டுல இருந்தே அழுத்தும்மா. ஆனா இங்க டைப் பண்ணி, 'சேமிக்கப்பட்டது'ன்னு வர்றதப் பாக்க ஒரு ஆள் வேணும். பொத்தான் வெளியூர் போயிட்டா ரெண்டும் ஒரே ஆளா இருக்கக் கூடாது."

"யாரப் போடுவீங்க மேடம்?"

"பொத்தான் எந்த வீட்டுல இருக்கோ, அந்த வீட்டு ஆளத்தான் போடணும். வயசு வந்தவங்களா இருக்கணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான். அரூரில் வந்து சேரச் சொல்லிக் குணாளனுக்கு உத்தரவு மூன்றே நாளில் போய்ச் சேர்ந்தது.

திங்கட்கிழமை காலை சேலம் பேருந்து நிலையத்தில் இருவரும் சந்தித்தார்கள். பொறுப்பு ஒப்படைப்புப் படிவம் மூன்று பிரதி. சிமென்ட் பெஞ்சில் வைத்து எழுதினார்கள். அவள் மேசைச் சாவியைக் கொடுத்தாள். அவன் மகளைக் கொடுத்தான். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று ஆளுக்கொரு கையெழுத்துப் போட்டார்கள்.

"நாற்காலி ஒரு பக்கம் ஆடும். அடியில அட்ட மடிச்சு வச்சிருக்கேன், எடுத்துராதீங்க."

"பால்ல ஆடை இருந்தா குடிக்க மாட்டா. வடிகட்டிக் குடு."

அரூர் வண்டி ஹாரன் அடித்தது. அவன் ஓடிப்போய் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தான். தமயந்தியின் இடுப்பிலிருந்து மகள் கையை ஆட்டினாள்.

"டாட்டா, ஆபீஸ் அப்பா."